வரவேற்பின் கடைசிப் பாட்டு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

வள்ளுவரையும் கம்பரையும் பற்றி எடுத்துரைக்க இம்மேடையில் புலவர் பெருமக்கள் வீற்றிருக்கின்றனர். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்துவிட்டு, இரயில்வே அலுவலகத்தில் பார்சல் ரசீதுகளோடும் பதிவேடுகளோடும் காலம் கழிக்கும் என் போன்றவனுக்கு அத்துறையில் இடமில்லை. ஆகவே, நம் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரிந்த, ஆனால் எவரும் மேடையேறிப் பேசாத ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். திருமண வரவேற்பு முடியும் வேளையில் எல்லாரும் எழுந்து ஆடுகின்றார்களே, அந்தக் கடைசி ஆட்டத்திற்கு எந்தப் பாட்டைத் தெரிந்தெடுப்பது என்பதே அப்பொருள்.

இதற்கு ஒரு சொற்பொழிவா என்று சிலர் எண்ணக்கூடும். திருமணத்திற்கு நாள் பார்க்கின்றோம், நேரம் பார்க்கின்றோம், பந்தியிலே பாயசம் எப்போது வரவேண்டும், மோர் எப்போது வரவேண்டும் என்பதற்கும் முறை வைத்திருக்கின்றோம். விருந்தினர் வீட்டுக்குச் சுமந்து செல்லும் கடைசி நினைவாகிய பாட்டை மட்டும் ஒலிபெருக்கிக்காரர் கையில் ஒப்படைத்துவிட்டுச் சாப்பாட்டுக் கணக்கைத் தீர்க்கப் போய்விடுகின்றோம். இது முறையன்று என்பதே என் வாதம்.

முதலில் நாம் வாழும் இடத்தை நினைத்துப் பார்ப்போம். அகத்தியர் மலையிலே தோன்றும் நெய்யாறு நம் பூவாரிலே கடலோடு கலக்கின்றது. தமிழ் முனிவரின் பெயர் தாங்கிய மலையிலே பிறந்து, மலையாளம் பேசும் கரையிலே பயணத்தை முடிக்கும் ஆறு அது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பெற்றபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. 1979-ஆம் ஆண்டு திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு இரயில் ஓடத் தொடங்கிய பின்னர், உத்தியோகத்தின் பொருட்டும் வாணிபத்தின் பொருட்டும் இப்பக்கம் வந்து குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல. ஆகையால், நம் வீட்டு வரவேற்புக்குக் களியக்காவிளைக்கு அப்பாலிருந்து ஒரு பேருந்து நிறைய உறவினர் வருகின்றனர். இப்பாலிருந்து ஒரு தெரு நிறைய அயலார் வருகின்றனர். ஒரே பந்தலில் இரண்டு மொழி, மூன்று சமயம், நான்கு தலைமுறை! இத்தனை பேரையும் ஒருசேர எழுப்பி, ஒருசேர மகிழ்வித்து, ஒருசேர வழியனுப்ப வேண்டிய பொறுப்பு அந்தக் கடைசிப் பாட்டுக்கு உண்டு.

அப்பொறுப்பை மறந்தால் என்ன நேரும்? நம் குடியிருப்பில் நடந்த ஒரு வரவேற்பைச் சொல்கின்றேன். வீட்டாரின் பெயர் வேண்டா. இதே போன்று வேறு பல வீடுகளிலும் நடந்திருக்கக்கூடும். கடைசிப் பாட்டைப் பற்றி முன்னரே எவரும் பேசி வைக்கவில்லை. மணமகனின் நண்பர்கள் புதிதாக வந்த திரைப்பாட்டு ஒன்றைக் கேட்டனர். பெண்ணின் பெரியப்பா, நாகசுரத்தில் மங்களம் வாசித்தால்தான் வைபவம் நிறைவெய்தும் என்றார். மணமகனின் தாய்வழியார் மலையாளத்தவர். அவர்கள் தங்கள் வஞ்சிப்பாட்டு ஒன்று வேண்டுமென்று மெல்லச் சொல்லிப் பார்த்தனர். மூன்று பக்கமும் குரல் உயர்ந்தபோது ஒலிபெருக்கிக்காரர் தம் விருப்பப்படி ஒரு பாட்டைப் போட்டார். காதலி கைவிட்டுப் போனதை எண்ணி ஒருவன் புலம்பும் பாட்டு அது! தாளம் துள்ளலாக இருந்தமையால் இளைஞர்கள் ஆடினர். பெரியவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியேறினர்.

அவர்களுள் எண்பது வயதைக் கடந்த ஒரு மூதாட்டியும் இருந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மகனோடு வந்தவர். தம் ஊரில் எந்த வீட்டுக் கலியாணமானாலும் கும்மிக்கு முதற்குரல் கொடுத்தவர். அன்றைக்கும் தம்மை அழைப்பார்கள் என்று முந்தானையைச் செருகிக்கொண்டு முன்வரிசையில் காத்திருந்தார். எவரும் அழைக்கவில்லை. வாசலில் என்னைக் கண்டதும், "எம் பாட்டு மிச்சமாய் நின்னுட்டுதே, தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அந்தச் சொல்லைப் பற்றிப் பலநாள் சிந்தித்தேன். நம் முன்னோர் ஒரு நிகழ்ச்சியை எவ்வாறு முடித்தார்கள் என்று எனக்குத் தெரிந்த அளவில் தேடிப் பார்த்தேன். அதனை உங்கள் முன் வைக்கின்றேன்.

நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டை நீங்கள் அனைவரும் கேட்டிருப்பீர்கள். அதற்கு ஒரு கட்டுக்கோப்பு உண்டு. காப்பு, குருவணக்கம், அவையடக்கம், நாட்டுவளம், பின்னர்க் கதை. கதை முடிந்தவுடன் புலவர் எழுந்து போய்விடுவதில்லை. வாழி பாடுகின்றார். கதை கேட்டோர் வாழ, விழா எடுத்தோர் வாழ, ஊர் வாழ என்று வாழ்த்திய பின்னரே வில் ஓய்கின்றது. இசையரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மங்களம் பாடாமல் எந்த வித்துவானும் எழுவதில்லை. மத்தியமாவதி இராகத்தை இறுதியிற் பாடினால், அதுவரை பாடியவற்றில் நேர்ந்த பிழைகளெல்லாம் பொறுக்கப்படும் என்பது இசைவாணர்களின் நம்பிக்கை. நாட்டியத்திலும் அப்படியே. தஞ்சை நால்வர் என்று புகழ்பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய உடன்பிறந்தார், அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஒழுங்குபடுத்தினர். அவர்களுள் வடிவேலு நம் திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மன்னரின் அவையை அலங்கரித்தவர். வருணத்தில் உழைத்து, பதத்தில் உருகிய பின்னர், தில்லானாவிலே ஆடுபவர் காலும் பார்ப்பவர் மனமும் ஒன்றாகத் துள்ளுகின்றன. இறுதி என்பது களைத்துச் சரிவதன்று, நிறைந்து எழுவது என்பதை அம்முறை காட்டுகின்றது அன்றோ?

இன்னும் பின்னோக்கிச் செல்வோம். சேர நாட்டு இளவலாகிய இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தை மங்கல வாழ்த்துப் பாடலிலே தொடங்குகின்றார். அது கண்ணகியின் திருமணம். இடையிலே துன்பம் மலைபோல் குவிகின்றது; மதுரை எரிகின்றது. ஆயினும் வஞ்சிக் காண்டத்தில், முடிவை நெருங்கும்போது, வாழ்த்துக் காதை வருகின்றது. அதில் அம்மானை உண்டு, பந்தாட்டம் உண்டு, ஊசல் உண்டு, உலக்கைப் பாட்டாகிய வள்ளை உண்டு. பெண்கள் கூடி விளையாடிக்கொண்டே பாடும் பாட்டுகள் இவை. அத்தனை துயரத்திற்குப் பின்னரும் பெண்களின் கூட்டுப் பாட்டைக் கொண்டே வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்று அவ்வடிகளுக்குத் தோன்றியிருக்கின்றது. அந்நூலிலே ஆய்ச்சியர் குரவையில் எழுவர் கைகோத்து ஆடுகின்றனர். குன்றக் குரவையிலே மலைநாட்டு மக்கள் ஆடுகின்றனர். கைகோத்து வட்டமாய் ஆடுவது நமக்கு மேனாட்டார் கற்றுக்கொடுத்த வித்தையன்று. அதுவும் இந்தச் சேர மண்ணிலே அது நேற்று வந்ததுமன்று.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகின்றது. நம்மவர்க்குக் கடைசிப் பாட்டு என்பது வாழ்த்து. ஆடிக்கொண்டே வாழ்த்தலாம், கைகொட்டி வாழ்த்தலாம். ஆனால் வாழ்த்தாமல் முடிக்கக்கூடாது.

என் தொழிலிலிருந்து ஓர் உவமை சொல்ல அனுமதியுங்கள். ஓடும் இரயிலின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் 'எல்.வி.' என்னும் எழுத்துக்கள் பொறித்த ஒரு சிறு பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இரவிலே அவ்விடத்தில் சிவப்பு விளக்கு எரியும். பயணிகள் எவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. நிலையத்து ஊழியருக்கோ அது கண்போன்றது. வண்டி கடந்து செல்லும்போது அந்தப் பலகையைக் கண்டால்தான், எந்தப் பெட்டியும் வழியிலே கழன்று நின்றுவிடவில்லை, வண்டி முழுமையாக வந்து சேர்ந்துவிட்டது என்று உறுதியாகும். எஞ்சின் வந்துவிட்டது என்பது போதாது. வரவேற்பின் கடைசிப் பாட்டும் அத்தகையதே. மணமக்களும் அவர்களின் தோழர்களும் ஆடிவிட்டார்கள் என்பது எஞ்சின் வந்து சேர்ந்ததற்கு ஒப்பாகும். பாட்டி வந்தாளா, பக்கத்து வீட்டார் வந்தாரா, பந்தி பரிமாறியவர் வந்தாரா, மூலையில் கூச்சத்தோடு நிற்கும் சிறுமி வந்தாளா என்று காட்டுவதே கடைசிப் பாட்டின் வேலை. ஒரு பெட்டி கழன்று நின்றாலும் வண்டி முழுமையாக வந்ததாகாது.

இந்த அளவுகோலைக் கையிலே வைத்துக்கொண்டு, நம் வீடுகளில் வழங்கும் பாட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, நாகசுர மங்களம். அதன் பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் அது எழுந்து நின்று கேட்கவேண்டிய இசை. இறங்கி ஆடவேண்டிய இசையன்று. தியாகராசரின் தெலுங்கு மங்களத்தை உள்ளம் உருகக் கேட்கின்றோம்; பொருள் விளங்கிச் சேர்ந்து பாடுவோர் நம்முள் சிலரே. ஆகையால் அதனைத் தாலிகட்டு முடிந்த காலைப் பொழுதுக்கே உரியதாக வைத்துக்கொள்வோம். பெரியப்பாக்கள் கோபிக்கவேண்டா, அவர்களுடைய மங்களத்திற்குக் காலையிலே சிம்மாசனம் இருக்கின்றது.

இரண்டாவது, திரைப்பாட்டு. அதை நான் இகழமாட்டேன். பாபநாசம் சிவன் போன்ற பெரியோர் திரைக்குப் பாட்டெழுதியிருக்கின்றனர். அவர் இளமையிலே வளர்ந்து கல்வி கற்றதும் திருவனந்தபுரத்திலேதான். நல்ல திரைப்பாட்டு பாட்டனுக்கும் பேரனுக்கும் ஒருங்கே தெரிந்திருப்பது உண்டு. அது ஒரு பெரும் வசதி. ஆயினும் இரண்டு இடையூறுகள் உள்ளன. தாளத்தில் மயங்கிச் சொல்லைக் கவனியாமல் விட்டுவிடுகின்றோம்; பிரிவையும் பழியையும் பாடும் பாட்டு மணமேடையிலே ஒலித்துவிடுகின்றது. மேலும், புதுப்பாட்டின் வேகத்திற்கு இருபது வயதுக் கால்களே ஈடுகொடுக்கும். அறுபது வயதுக் கால்கள் நாற்காலிக்குத் திரும்பிவிடும். ஆகவே திரைப்பாட்டு வரவேற்பின் நடுவிலே எத்தனை வேண்டுமாயினும் வரட்டும். இளைஞர்கள் வேர்க்க வேர்க்க ஆடட்டும். முடிவில் வேண்டா.

மூன்றாவது, நாம் வேறு நாடுகளிலே காண்பவை. இலங்கைத் தமிழர் வீட்டு வரவேற்புகளில் பைலா இல்லாத ஆட்டம் இல்லை. 1505-ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த போர்த்துகீசியரின் வழியாக வேர்கொண்டு, சிங்களவரும் தமிழரும் பறங்கியரும் தமதாக்கிக்கொண்ட ஆட்டப்பாட்டு அது. சிலோன் மனோகர் பாடிய 'சுராங்கனி' கடல் கடந்து நம் தெருக்களிலும் ஒலித்தது. சிங்களமும் தமிழும் கலந்த அப்பாட்டுக்கு எல்லாரும் ஆடினார்கள். எவரும் மொழியைக் கேட்கவில்லை. அது நமக்கு ஒரு பாடம்.

இதைவிடப் பெரிய பாடம் ஸ்காட்லாந்திலிருந்து கிடைக்கின்றது. அந்நாட்டுத் திருமண விருந்துகளிலே, ஆடி முடித்த எல்லாரும் வட்டமாக நின்று, கைகளைக் குறுக்கே கோத்துக்கொண்டு, 'ஆல்டு லாங் சைன்' என்னும் பழைய நட்பைப் போற்றும் பாட்டைப் பாடிக் கலைவது நெடுநாளைய வழக்கம். 1788-ஆம் ஆண்டு அதனை எழுதிவைத்த இராபர்ட் பர்ன்ஸ் என்னும் கவிஞர், பின்னாளில் கலால் துறையிலே உத்தியோகம் பார்த்தவர். என்னைப் போல் ரசீதும் பதிவேடுமாய் உழன்றவர். "இது என் சொந்தப் பாட்டன்று, ஒரு முதியவர் பாடக் கேட்டு எழுதிக்கொண்டேன்" என்னும் கருத்தை அவரே தெரிவித்திருக்கின்றார். அதன்மேல் அவர் கைவண்ணமும் சேர்ந்தது என்பர் அறிஞர். எவ்வாறாயினும், ஒரு கிழவர் வாயிலிருந்ததை ஒருவர் காகிதத்தில் ஏற்றினார். உலகம் முழுவதும் புத்தாண்டு இரவில் அதனைப் பாடுகின்றது. நம் வீட்டுக் கிழவியர் வாயில் இருப்பவற்றை நாம் என்ன செய்தோம்?

இங்கேதான் நான்காவதாகிய கும்மிக்கு வருகின்றேன். என் முடிவையும் சொல்லிவிடுகின்றேன்: நம் குடியிருப்பு வரவேற்புகளில் கடைசிப் பாட்டாக ஒரு தமிழ்க் கும்மியை வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குரிய காரணங்கள் பல. கும்மிக்குக் கருவி வேண்டா; இரண்டு உள்ளங்கைகள் போதும். ஒருவர் பாட, மற்றவர் திருப்பிப் பாடுவது அதன் அமைப்பு; ஆகவே பாட்டுத் தெரியாதவரும் இரண்டாம் அடியிலேயே சேர்ந்துகொள்ளலாம். தமிழ் அறியாத மருமகளும் அவள் உறவினரும்கூடச் சில சுற்றுகளில் பல்லவியைப் பிடித்துக்கொள்வர். மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக வேகம் ஏறுவதால், இயலாதவர் இடையிலே விலகிக் கைமட்டும் கொட்டலாம். வட்டத்திற்கு முன்வரிசை இல்லை, பின்வரிசை இல்லை, மேடையும் இல்லை. பொன்னணிந்தவரும் அணியாதவரும் ஒரே இடைவெளியில் நிற்கின்றனர். பெண்களுக்கு மட்டுமே உரியது என்று ஆண்கள் ஒதுங்கவும் வேண்டா, ஒயிற்கும்மி ஆண்களுடையதே. கோலெடுத்து ஆட விரும்புவோர்க்குக் கோலாட்டம் இருக்கின்றது. விளக்கைச் சுற்றி ஆடும் களியல், பக்கத்துக் குமரி மாவட்டத்தின் சொத்து. பழைய பாட்டுகள் இக்காலத்திற்கு ஒவ்வா என்று சொல்வோர்க்கும் விடை உண்டு. பாரதியார் பெண் விடுதலையைப் பாட வந்தபோது கும்மி மெட்டையே தெரிந்தெடுத்தார். புதுக் கருத்தைத் தாங்கும் வலிமை அப்பழைய மெட்டுக்கு இருந்தது.

மலையாள உறவினர் என்ன நினைப்பர் என்று சிலர் தயங்குகின்றனர். அவர்களுடைய திருவாதிரைக் களியைப் பாருங்கள். குத்துவிளக்கைச் சுற்றிப் பெண்கள் கைகொட்டி ஆடுகின்றனர், அதிலே ஒரு பகுதிக்குக் கும்மி என்றே பெயர், இறுதியில் மங்களம். இசுலாமிய அன்பர் வீட்டு ஒப்பனையிலே மணப்பெண்ணை நடுவில் இருத்தித் தோழியர் கைகொட்டிப் பாடுகின்றனர். அவர்களின் கோல்களி நம் கோலாட்டத்தின் உடன்பிறப்பு. சிரியன் கிறித்தவரின் மார்க்கங்களியிலே பன்னிருவர் விளக்கைச் சுற்றி ஆடுகின்றனர். வட்டம், கைத்தாளம் அல்லது கோல்தாளம், கூட்டுக்குரல் ஆகியவை இந்நிலத்தில் எல்லார்க்கும் பொது. ஆகவே நம் கும்மி எவரையும் வெளியே நிறுத்தும் வேலியன்று. அயலார் தம் வீட்டு வாசலென்றே நினைத்து உள்ளே வரக்கூடிய வாசல். அவர்கள் விரும்பினால், நம் கும்மிக்கு முந்திய பாட்டாக அவர்களுடைய வஞ்சிப்பாட்டையோ திருவாதிரைப் பாட்டையோ வைப்போம். நாமும் கைகொட்டுவோம்.

தமிழ்ப் பாட்டைக் கடைசியிலே வைப்பது அதனைத் தாழ்த்துவதாகாதா என்று தமிழன்பர் ஒருவர் என்னைக் கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் உண்டு. இசையரங்குகளிலே பிறமொழிக் கீர்த்தனைகளுக்கு நடுவிடமும், தமிழ்ப் பாட்டுகளுக்குத் துக்கடா என்று கடைசி இடமும் தந்த காலம் ஒன்று இருந்தது. அதனை மாற்றவே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1941-ஆம் ஆண்டு தமிழிசை மாநாடு கூடிற்று. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிற்று. அரசர் சர் அண்ணாமலைச் செட்டியார் அம்முயற்சிக்குத் தூணாக நின்றார். ஆனால் அன்பர்களே, கச்சேரி வேறு, கலியாணம் வேறு. கச்சேரியின் கடைசியில் பாதிக்கூட்டம் வீட்டுக்குக் கிளம்பிவிடும். வரவேற்பின் கடைசியிலோ, கூட்டம் முழுவதும் ஒன்றாக நிற்கும்படி செய்ய வேண்டும் என்றுதானே இத்தனையும் பேசுகின்றோம்? அந்த இடம் துக்கடாவின் இடமன்று, வாழ்த்தின் இடம்.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளுங்கள். தமிழ்நாட்டு விழாக்களில் முதலிலே பாடப்பெறும் தமிழ்த்தாய் வாழ்த்தை 'மனோன்மணீயம்' நாடகத்திலே எழுதியவர் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை. 1855-ஆம் ஆண்டு ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் ஆசிரியப் பணி புரிந்தவர். 1891-ல் அந்நாடகத்தை வெளியிட்டவர். 1970-ல் தமிழக அரசு அதனை ஏற்றது. ஆகவே, தமிழ் விழாவின் முதற்பாட்டை அளித்தது இந்த மலைநாட்டுத் தமிழ்க் குடும்பம். கடைசிப் பாட்டைத் தெரிந்தெடுக்கும் தகுதி நமக்கு இல்லையென்று எவர் சொல்லக்கூடும்?

இனி, நடைமுறைக்கு உரிய சில செய்திகள். என் தொழிலே ஒழுங்குமுறை சார்ந்ததாகையால், இதனையும் ஓர் அட்டவணை போலச் சொல்லிவிடுகின்றேன்.

முதலாவதாக, மண்டபம் பேசும் நாளிலேயே கடைசிப் பாட்டையும் பேசிவிட வேண்டும். இருவீட்டாரும் உட்கார்ந்து பேசட்டும். மணமக்களின் சொல்லே முடிவாகட்டும். அவர்களுடைய திருமணம் அன்றோ?

இரண்டாவதாக, தெரிந்தெடுத்த பாட்டின் சொற்களை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும். அழுகை, பிரிவு, வசை ஆகியவை இருந்தால் நீக்கிவிட வேண்டும். பழங்கும்மிகளிலும் மாமியாரை ஏசுவனவும் நாத்தனாரைப் பழிப்பனவும் உண்டு. சாதிப்பெயரைச் சொல்லி இழிப்பனவும் இல்லாமல் இல்லை. பழமை என்பதற்காக அவற்றைச் சுமக்கவேண்டா.

மூன்றாவதாக, முதற்குரல் கொடுப்பவரை முன்னதாகவே அழைத்து வைக்க வேண்டும். அவருக்கு ஒரு நாற்காலியும் ஒரு குவளை வெந்நீரும் வட்டத்தின் அருகிலேயே இருக்கட்டும். அவர் குரல் தளர்ந்தால் ஏந்திக்கொள்ள இளங்குரல் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

நான்காவதாக, பாட்டு ஏழெட்டு நிமிடத்திற்கு மேல் நீளவேண்டா. விளக்குகள் எல்லாம் எரியட்டும். ஒருவர் முகம் ஒருவர்க்குத் தெரிய வேண்டும். சமையற்காரரையும் பந்தி பரிமாறியவரையும் அழைத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவதாக, நேரம். 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. பல வீடுகளில் இந்தப் பத்து மணியால் கடைசிப் பாட்டு பாதியிலே அறுந்துபோவதைக் கண்டிருக்கின்றோம். கும்மிக்கு இந்த அச்சமே இல்லை. ஒன்பதரை மணிக்கு ஒலிபெருக்கியை அணைத்துவிடுங்கள். கருவிகளின் ஓசை ஓய்ந்தவுடன் மனிதக்குரல் எத்தனை இனிமையாக இருக்கின்றது என்பதை அப்போது உணர்வீர்கள். களியக்காவிளைப் பக்கம் போகும் உறவினரும் பேருந்தைத் தவறவிடமாட்டார்கள்.

ஆறாவதாக, பாட்டு முடிந்தவுடன் பெண்கள் குலவையிட வேண்டும். நாம் குலவை என்கின்றோம். மலையாளத்தார் குரவ என்கின்றனர். அதற்குச் சொல் இல்லை. ஆகவே மொழிபெயர்ப்பும் வேண்டா.

இவையனைத்தும் எளியவை. ஆனால் எளிதல்லாத ஒன்று இருக்கின்றது. பாட்டு எங்கே என்ற கேள்விதான் அது. நம் பிள்ளைகள் பள்ளியிலே மலையாளமும் ஆங்கிலமும் கற்கின்றனர். அதிலே குறையொன்றுமில்லை, வாழும் இடத்தின் மொழியைக் கற்பது கடமை. வீட்டிலே தமிழ் பேசுகின்றனர். ஆனால் தமிழிலே பாடுகின்றனரா? சேர்ந்து பாடுவதற்கு அவர்களுக்கு ஒரு பாட்டாவது தெரியுமா? நம் குடியிருப்பின் மூதாட்டியர் நினைவிலே முளைப்பாரிக் கும்மி உண்டு, நலங்குப் பாட்டு உண்டு, ஊஞ்சற் பாட்டு உண்டு. அவற்றுள் பல அச்சேறியதில்லை. அவை ஒவ்வொரு வீட்டு அடுக்களையிலும் முனகலாக ஒலித்து அடங்கிவிடுகின்றன. பார்சல் அலுவலகத்தில் உரியவர் வந்து கேட்காத பொட்டலத்தைக் குறிப்பிட்ட நாள்வரை வைத்திருப்போம். அதன்பின் அது ஏலத்திற்குப் போய்விடும். இந்தப் பாட்டுகளுக்கும் உரியவர் நாமே. நாம் சென்று கேட்காவிட்டால், வைத்திருப்பவர்கள் நெடுநாள் வைத்திருக்க இயலாது.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு விண்ணப்பத்தை வைக்கின்றேன். வருகின்ற ஆண்டிலே ஒவ்வொரு வீட்டுப் பேரனும் பேத்தியும் தம் பாட்டியிடமிருந்து ஒரு பாட்டையேனும் எழுதி வாங்கிச் சங்கத்தில் சேர்க்கட்டும். செல்பேசியிலே குரலையும் பதிவு செய்யட்டும். அக்கருவியை நம் இளைஞர்கள் நம்மைவிட நன்றாகக் கையாளுவர். அவ்வாறு சேர்ந்தவற்றுள் நல்லதொரு கும்மியைத் தெரிந்தெடுத்து, அடுத்த மலரிலே சொல் முழுவதையும் அச்சிடுவோம். நம் குடியிருப்பில் நடக்கும் திருமணங்களுக்கு அது பொதுப்பாட்டாகட்டும். எழுதிக் கொடுத்த குழந்தையின் பெயரோடு, பாடிக் கொடுத்த பாட்டியின் பெயரும் அதன் கீழே இருக்கட்டும்.

நான் முன்னே குறிப்பிட்ட மூதாட்டி நலமாக இருக்கின்றார். இன்றைய விழாவுக்கும் வந்திருக்கின்றார். அவர் பெயரைச் சொல்லி அவரைக் கூச்சப்படுத்த விரும்பவில்லை. அடுத்த மாதம் நம் குடியிருப்பில் ஒரு திருமணம் நிகழவிருக்கின்றது. அந்த வீட்டார் சென்ற வாரம் அவர் வீட்டுக்குச் சென்று, வெற்றிலை பாக்கு வைத்து, முதற்குரலுக்கு அழைத்திருக்கின்றனர் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கின்றேன்.

மணமக்கள் வாழ்க! வாழ்த்த வரும் உற்றாரும் அயலாரும் வாழ்க! நம்மைத் தாங்கும் இந்நிலம் வாழ்க! நம் நாவிலே தமிழ் வாழ்க!